மெழுகு நாளா, வார்ப்பு நாளா? கடலூரிலிருந்து நான்கு பட்டறைகள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு, ஒரு நாள் விடுமுறையில் உலோக வேலை நடக்கும் பட்டறைக்குப் போக வேண்டும், வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல் பிள்ளைகளின் கையும் அந்த வேலையில் பட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. சுவாமிமலையில் சிலை வார்ப்பு. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. தஞ்சாவூரில் கலைத்தட்டு. நான்காவது, நம் ஊர்க் கடைத்தெருவிலேயே இன்னும் உலை மூட்டிக்கொண்டிருக்கும் ஈயம் பூசும் பட்டறை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்குக்கும் போய் வந்துவிட்டேன். முதல் தடவை தனியாக, பிறகு தம்பியின் பிள்ளைகளோடு. பெரியவனுக்குப் பதினான்கு வயது, சின்னவளுக்கு ஒன்பது. ஒரு பயணத்தில் எழுபத்திரண்டு வயது அம்மாவும் உடன் வந்தார்.

போய் வந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எது நல்லது?" சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர்த் தட்டு மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. புகழை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று சளைத்ததில்லை. அதனால் நான் வேறு அளவுகோல் வைத்துக்கொண்டேன். அங்கே போனால் நம் கைக்கு என்ன வேலை கிடைக்கும்? இதைக் கேட்டுக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சுவாமிமலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆசை காட்டுவதும் அதுதான், ஏமாற வைப்பதும் அதுதான்.

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய்ச் சேர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்கள் இன்னும் முக்கால் மணி கூட்டிக்கொள்ள வேண்டும். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை பக்கம்தான். ரயிலில் போக விரும்பினால் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி, சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணத்தில் இறங்கலாம். பிள்ளைகளோடு போகும்போது எனக்கு ரயில்தான் பிடிக்கும். கொள்ளிடப் பாலத்தில் வண்டி ஏறும்போது, "இந்த ஆற்று மண்ணைப் போன்ற மண்ணில்தான் சிலைக்கு அச்சு கட்டுகிறார்கள்" என்று காட்டிச் சொல்ல முடிகிறது.

சுவாமிமலை என்றாலே எல்லாரும் கேட்பது வார்ப்பு நாள். உருக்கிய உலோகத்தை ஊற்றும் நாள். 2023இல் டெல்லியில் ஜி20 மாநாட்டு அரங்கத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜர் சுவாமிமலை ஸ்தபதிகளின் கையில் உருவானவர். அந்தச் செய்தி வந்ததிலிருந்து இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. நானும் அப்படித்தான் போனேன். சிறிய பட்டறைகளில் தினமும் உலோகம் உருக்குவதில்லை. நான்கைந்து அச்சுகள் சேர்ந்த பிறகே உலை மூட்டுவார்கள். இரண்டு வாரம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு நாளைப் பிடித்தேன்.

பார்த்தது என்ன என்று சொல்கிறேன். மண் அச்சுகளை வறட்டி அடுக்கிய தீயில் சுட்டார்கள். உள்ளே இருந்த மெழுகு உருகி, அச்சின் துளை வழியே சொட்டுச் சொட்டாக வடிந்தது. சிலை இருந்த இடம் இப்போது வெற்றிடம். சூடு ஆறும் முன்பே அச்சை வாய் மட்டும் தெரியும்படி குழியில் இறக்கி, சுற்றிலும் மண் போட்டு இறுக்கினார்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். உலோகம் உருக்கும் கலமான மூசையைத் திறந்தபோது பச்சை கலந்த தழல் விளிம்பில் எழுந்தது. இரண்டு பேர் நீண்ட குறட்டால் மூசையைத் தூக்கி வர, பட்டறையில் பேச்சே இல்லை. நூல் பிடித்தாற்போல ஒரே சீராக ஊற்றினார்கள். இடையில் தாரை அறுந்தால் அந்த இடத்தில் சிலையில் தையல் விழுந்துவிடும். ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம், அதற்கு மேல் இல்லை.

அவ்வளவுதான். அச்சு ஆற வேண்டும், உடைப்பது மறுநாள். அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன் என்பது உண்மை. ஆனால் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்க முடிந்தது, பார்க்கவும் வேண்டும். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையை அங்கே பிடித்து நிறுத்திவைப்பது பிள்ளைக்கும் கஷ்டம், வேலை செய்பவர்களுக்கும் தொந்தரவு.

ஆகவே அடுத்த தடவை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனபோது, வார்ப்பு நாளைத் தவிர்த்துவிட்டு மெழுகு நாளைக் கேட்டேன். போனில் பேசிய பெரியவருக்கே வியப்பு. "அன்றைக்குப் பார்க்க ஒன்றும் இருக்காதே அம்மா, நாங்கள் உட்கார்ந்து மெழுகுதானே பிடித்துக்கொண்டிருப்போம்" என்றார். அதற்குத்தான் வருகிறோம் என்றேன்.

உலோகச் சிலை என்று நாம் வணங்குவது முதலில் மெழுகில்தான் பிறக்கிறது. சிற்ப நூல்கள் இதை மதூச்சிஷ்ட விதானம் என்கின்றன. தேன் எடுத்த பின் மிஞ்சும் மெழுகுதான் மதூச்சிஷ்டம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். குங்கிலியம் விறைப்பைக் கொடுக்கும், எண்ணெய் இளக்கத்தைக் கொடுக்கும். வெயில் காலத்தில் ஒரு சேர்மானம், குளிர் காலத்தில் ஒரு சேர்மானம். தலை, உடல், கை, கால் என்று தனித்தனியே பிடித்து, காய்ச்சிய இரும்புக் கருவியால் இணைப்பைத் தொட்டு ஒட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு கரிச்சட்டி, ஒரு வட்டிலில் தண்ணீர். இளக்க வேண்டுமென்றால் சட்டியின் மேல் காட்டு, இறுக வேண்டுமென்றால் தண்ணீரில் போடு. பட்டறைச் சாமான் இவ்வளவுதான்.

முதலில் பிள்ளைகள் கையில் வந்தது மெழுகு இல்லை, ஒரு தென்னை ஓலை நறுக்கு. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டிக்கொண்டு, அதை மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். ஸ்கேல் கிடையாது. உத்தம தசதாளம் என்ற கணக்கில் சிலையின் முழு உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அங்குலம் கிடையாது. சிலை ஒரு சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும், அதன் உயரத்தை 124 பங்காக்கினால் ஒரு பங்குதான் அந்தச் சிலையின் அங்குலம். முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை, தொடைக்கு இத்தனை என்று எல்லாம் அந்தப் பங்கில்தான். பிள்ளையாருக்குக் கணக்கு வேறு, பஞ்சதாளம். அவர் குள்ளமாகவும் தொந்தியாகவும் இருப்பதற்கு அந்தக் கணக்கே காரணம்.

பெரியவன் ஓலையை மடித்தான். சரியாக இரண்டாக மடிப்பதே எளிதாக இல்லை. ஓலை ஒரு பக்கம் நழுவும், மடிப்பு கோணிக்கொள்ளும். பெரியவர் அவன் ஓலையை வாங்கி, நகத்தால் மடிப்பை ஒரே இழுப்பில் நீவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணை நம்பாதே தம்பி, நகத்தை நம்பு" என்றார். அரை மணி நேரம் அவன் தலையே நிமிரவில்லை. வகுப்பில் பின்னக் கணக்கு என்றால் முகம் சுளிக்கிறவன் அவன்.

சின்னவளுக்கு மெழுகு நூல் உருட்டக் கொடுத்தார்கள். சாமியின் கழுத்து மாலை, தண்டை, பூணூல் எல்லாம் இந்த நூலில்தான். பலகையில் ஒரு சிறு மெழுகுத் துண்டை வைத்து உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அவள் உருட்டியது ஒரு முனை புழு போலவும் மறுமுனை ஊசி போலவும் வந்தது. "அழுத்தாதே பாப்பா, உருட்டு. கை தன் பாரத்திலேயே போகட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அண்ணன் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ஏழாவதோ எட்டாவதோ நூல் ஒரே கனத்தில் வந்தது. அதை எடுத்து, பாதி முடிந்திருந்த ஓர் அம்மன் உருவின் கையில் வளையலாகச் சுற்றிப் பார்த்தார். பொருந்தியது. பிறகு எடுத்துவிட்டார், விற்பனைக்கான சிலை அல்லவா. சின்னவளுக்கு அதில் வருத்தம் இல்லை. பொருந்தியது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. மெழுகு உருவை நிறுத்துப் பார்த்துத்தான் எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். மெழுகின் எடையைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு வரும். மெழுகு தண்ணீரை விடச் சற்று லேசு, செம்புக் கலவை தண்ணீரைப் போல எட்டரை, ஒன்பது மடங்கு கனம். பாடப் புத்தகத்தில் படித்த அடர்த்தி இதுதான் என்று பெரியவனே சொன்னான், நான் சொல்லவில்லை.

மெழுகின் மேல் மண் பூசுவதையும் அன்றே பார்க்கலாம். முதல் பூச்சு காவிரி வண்டல், உமிக்கரியோடு அரைத்து மை போல இருக்கும். மெழுகில் உள்ள நகக்குறி அளவு கோட்டையும் அது வாங்கிக்கொள்ளும். அது நிழலில் காய்ந்த பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு, அதன் மேல் கரடான மணல் கலந்த பூச்சு, பிறகு இரும்புக் கம்பிக் கட்டு. இரண்டாம் பூச்சுக்குப் பிள்ளைகளின் கையையும் விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த மண்தான் காரணம். மழை பிடித்துக்கொண்டால் பூச்சு காயாது, பட்டறையில் பாதி வேலை நின்றிருக்கும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

ஆகவே சுவாமிமலைக்கு என் கணக்கு இது. தனியாகவோ பெரியவர்கள் மட்டுமோ போனால் வார்ப்பு நாள். கை வேலை வேண்டும், பிள்ளைகள் உடன் இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் மெழுகு நாள். இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது அரிது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு தடவை நாங்கள் போய் இறங்கிய இடம் பட்டறையே இல்லை, கடை. பின்னால் ஒரு சிறு அறையில் ஒருவர் ஏற்கெனவே முடிந்த மெழுகுப் பிள்ளையாரை வைத்துக்கொண்டு காது மடலைத் தடவிக்காட்டினார். ஐந்து நிமிடம். பிறகு முக்கால் மணி நேரம் சிலை விலை பேச்சு. பிள்ளைகள் ஆசையாக வந்திருந்தார்கள், எனக்கு ரொம்பவும் வருத்தமாகப் போயிற்று. அதன் பிறகு நான் வாசலில் நின்றே பார்த்துவிடுகிறேன். கொல்லையில் மண் அச்சுகள் காய்கின்றனவா, சுவரில் கரி படிந்திருக்கிறதா, தரையில் உடைத்த மண் கிடக்கிறதா? இவை இல்லாத இடத்தில் வேலை வேறெங்கோ நடக்கிறது என்று பொருள். தமிழக அரசின் பூம்புகார் நிறுவனத்துக்கும் சுவாமிமலையில் உற்பத்தி மையம் உண்டு. முன்பின் யாரையும் தெரியாதவர்கள் அங்கே விசாரித்துத் தொடங்கலாம்.

நாச்சியார்கோவில் வேறு உலகம். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் பத்துக் கிலோமீட்டர். சுவாமிமலையில் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான், அச்சை உடைத்தால் முடிந்தது. இங்கே மணல் வார்ப்பு. ஒரே மாதிரியை மணலில் அழுத்தி அழுத்தி எத்தனை விளக்கு வேண்டுமானாலும் வார்க்கலாம். குத்துவிளக்கு ஒரே துண்டாக வருவதில்லை. பாதம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு ஒன்றன் மேல் ஒன்றாகத் திருகுகிறார்கள்.

இங்கே கைக்குக் கிடைக்கும் வேலை மணல் திணிப்பது. லேசாக ஈரம் காட்டிய மெல்லிய மணல். ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரித்தால், விரல் ரேகை தெரிய உருண்டை நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது, கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். இரண்டு பாதியாகப் பிரியும் சட்டத்தில் மாதிரியை வைத்து, மணலைக் கொட்டி இடித்துத் திணித்து, சட்டத்தைப் பிரித்து மாதிரியை எடுத்தால் அதன் வடிவில் பள்ளம் இருக்கும். சொல்வதற்கு எளிது. சின்னவள் எடுத்தபோது அன்னத்தின் கழுத்து மணலோடு பெயர்ந்து வந்துவிட்டது. "பரவாயில்லை, மணல்தானே, கொட்டிவிட்டு மறுபடி போடு" என்றார்கள். இந்த ஊரின் அருமையே இதுதான். சுவாமிமலையில் பிள்ளை கை தவறினால் ஒருவருடைய அரை நாள் உழைப்பு போய்விடுமோ என்று நமக்குப் பதறும். இங்கே தவறினால் மணலைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஏழெட்டு வயதிலிருந்தே அழைத்துப் போகலாம். கடைசல் இயந்திரத்தின் பக்கம் மட்டும் விடாதீர்கள். பித்தளைச் சுருள் கண்ணை நோக்கித் தெறிக்கும்.

அம்மாவுக்குப் பிடித்ததும் நாச்சியார்கோவில்தான். பெருமாள் கோவிலில் கல் கருடன் இருக்கிறார். சன்னிதியிலிருந்து புறப்படும்போது நான்கு பேர் தூக்குவார்கள், வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று ஆள் கூடிக்கொண்டே போகும், திரும்பும்போது அதே வரிசையில் குறையும் என்பது ஊர் நம்பிக்கை. மார்கழியிலும் பங்குனியிலும் இந்தச் சேவை உண்டு. அந்த நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும், பட்டறைக்கென்று வருபவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்வது நல்லது. விளக்கு வாங்குவதானால் எடைக்குத்தான் விலை. தண்டுக்குள் பொள்ளலா, கனமா என்று தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூர்க் கலைத்தட்டைப் பற்றி நான் தயக்கத்தோடு எழுதுகிறேன். கை வேலை என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் மூன்றில் இதுவே முதலிடம். ஆனால் கும்பகோணத்தைத் தாண்டி இன்னும் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். கடலூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியும், ஆனால் பட்டறையில் உட்கார மனம் வராது, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஓர் இரவு தங்கத் தயார் என்றால் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கலை இது. பித்தளைத் தட்டு அடித்தளம். அதன் மேல் வெள்ளியிலும் செம்பிலும் மெல்லிய தகடுகளில் புடைத்தெடுத்த உருவங்கள். நடுவில் ஒரு தெய்வம், சுற்றிலும் பூவும் கொடியும். தகட்டை அச்சின் மேல் வைத்து அடித்து உருவத்தை வாங்கி, பின்புறக் குழிவை மெழுகுக் கலவையால் நிரப்பி, தட்டில் பதிக்கிறார்கள்.

மற்ற இரண்டு ஊர்களிலும் நம் கை படுவது மெழுகிலோ மணலிலோதான். இங்கே உலோகமே கையில் வருகிறது, அதுவும் சூடில்லாமல். பெரியவனுக்கு ஒரு செம்புத் தகட்டுத் துண்டும் சிறு சுத்தியலும் கொடுத்து, அச்சில் இருந்த ஒரு தாமரையின் மேல் அடிக்கச் சொன்னார்கள். இருபது முப்பது அடிக்குப் பிறகு தகடு விறைத்துக்கொண்டு சொன்ன பேச்சு கேட்கவில்லை. வாங்கித் தீயில் காட்டி ஆறவைத்துத் திருப்பித் தந்தார்கள், மறுபடி துணி போல இளகியிருந்தது. அடி வாங்க வாங்க உலோகம் இறுகும், காய்ச்சினால் இளகும் என்பதை அவன் மணிக்கட்டே படித்துக்கொண்டது. இதழ் ஒன்று கிழிந்துதான் போயிற்று. ஆனாலும் அந்தத் தாமரையை அவன் வீட்டுக்கு எடுத்து வந்தான். செய்ததை அன்றே கையோடு கொண்டு வர முடிந்தது இங்கே மட்டும்தான். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களோடு திரும்பி வந்தவர்களுக்குத் தெரியும்.

தங்குவதென்றால் மறுநாள் காலை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகாமல் திரும்பாதீர்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். காளை இல்லை, காணாமல் போய்விட்டது. இருந்தும் அதன் மேல் சாய்ந்திருக்கும் கை அப்படியே காற்றில் இளைப்பாறுகிறது. மெழுகு பிடிப்பதை ஒரு முறை பார்த்துவிட்டு அந்த விரல்களைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கரிச்சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலை எப்படி வளைத்திருப்பார் என்று கண்ணுக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்த நான்காவது வழிதான், ஏனென்றால் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்தால் களிம்பு ஏறும். அதைத் தடுக்க உள்பக்கம் வெள்ளீயம் பூசுகிறார்கள். பாட்டி காலத்தில் தெருவுக்குத் தெரு வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது பழைய கடைத்தெருக்களில் ஓரிருவராக ஒடுங்கிவிட்டார்கள். வீட்டுப் பரணில் கிடந்த அம்மாவின் பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு போனேன். பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, கரி உலையில் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சினார். நவச்சாரத் தூளைத் தூவியதும் வெண்புகை குபீரென்று எழுந்தது. ஈயக் கட்டியால் உள்ளே ஒரு கோடு இழுத்தார். அது பாதரசம் போல உருண்டு ஓடியது. பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார். மஞ்சள் பித்தளையின் உள்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறியது. சின்னவள் "ஐயோ" என்று கத்தியேவிட்டாள்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டிமார் கத்துவதற்கும் இதுவே காரணம். சிலை வார்ப்பின் சூட்டோடு ஒப்பிட்டால் இது அடுப்படிக்குப் பக்கத்துச் சூடு. ஆகையால் பதினான்கு வயதுப் பையனைக் கொஞ்சம் அருகே விட முடிந்தது. ஒரு சிறு மூடியைக் குறட்டில் பிடித்துக்கொண்டு பஞ்சால் துடைக்கும் கடைசி வேலையை அவனிடம் கொடுத்தார். மூடியில் ஒரு பக்கம் திட்டாகத் தடித்திருக்கிறது. அதை மறுபடி சரி செய்ய நான் விடவில்லை. புகை தொண்டையைப் பிடிக்கும், காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் நஞ்சு, சமைக்கும் பாத்திரத்தில் அது கலக்கவே கூடாது.

ஒரு மணி நேரம், ஒரு பஸ் டிக்கெட், பாத்திரத்துக்கான கூலி. பயணமே இல்லை. மார்கழிக் கடைசியில் மட்டும் போகாதீர்கள். பொங்கல் பானைகள் குவிந்து அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது.

பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் என்றால் நான்கும் வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே வில்லியனூர் இருக்கிறது, சுடுமண் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். களிமண்ணில் முழங்கை வரை முக்கி எடுத்துவிட்டுத் திரும்பலாம். உலோகம் இன்னும் சில ஆண்டு காத்திருக்கும்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம். ஒன்று, பருத்தித் துணியும் மூடிய செருப்பும். நைலான் உடுப்போடு உலைப் பக்கம் போகக் கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சிலைக் கலவையில் காரீயமும் சேர்கிறது. இரண்டாவது கூலி. அரை நாள் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு, "ஒரு சின்னப் பிள்ளையார் வாங்கிக்கொண்டோமே" என்று சொல்லிக் கிளம்பிவிடுவது நியாயம் ஆகாது. சிலையின் விலை சிலைக்கு. அவர் நமக்காக வேலையை நிறுத்திய நேரத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். முன்பே போனில் பேசிக்கொண்டால் இரு தரப்புக்கும் கூச்சம் இல்லை. நான் முதல் தடவை கேட்காமல் போய், கிளம்பும்போது கையில் திணித்தேன். அவர் வாங்க மறுத்தார், எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என்னை ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதலில் உள்ளூர் ஈயப் பட்டறை, அதில் பிள்ளை கண் விரிந்தால் சுவாமிமலை மெழுகு நாள் என்பேன். வயதானவர்கள் உடன் வந்தால், குழந்தைகள் துறுதுறுவென்று இருந்தால் நாச்சியார்கோவில். கையில் எடுத்து வந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்குத் தஞ்சாவூர், ஓர் இரவு சேர்த்து.

எங்கள் வீட்டில் வருகிற மாசிக்கு முடிவாகிவிட்டது. பெரியவன் மறுபடி சுவாமிமலை மெழுகு நாள் கேட்கிறான். இந்தத் தடவை பஞ்சதாளக் கணக்கில் பிள்ளையாருக்கு ஓலை மடிக்க வேண்டுமாம். அன்று மாலையே நாச்சியார்கோவிலுக்கும் போகிறோம். பாட்டியின் குத்துவிளக்கில் அன்னம் தொலைந்து முப்பது ஆண்டுகள் ஆயிற்று. இத்தனை நாளும் அதன் உச்சியில் ஒரு பூவைச் செருகி ஒப்பேற்றினோம். விளக்கைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், மரை தெரிகிற மேல் துண்டை மட்டும் கழற்றிக் கொண்டு வாருங்கள், அதற்குப் பொருந்த ஒன்று வார்த்துக் கடைந்து தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா நேற்றே அதைக் கழற்றி, பழைய துண்டில் சுற்றி என் பையில் வைத்துவிட்டார்.